பின்வாசல் படியும் கூரைக் குழாயும்: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடியிருப்போர் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நேற்று மாலை லிஃப்ட் பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். குளிர்காலத்தில் அனைவரும் கவனமாக நடக்கவும், வழுக்காத காலணி அணியவும், கோட் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நடக்காமல் இருக்கவும் கேட்டிருந்தீர்கள். நல்ல அறிவுரைதான், ஒரு குறையும் இல்லை. என் அம்மா இந்த மூன்றையும் செய்தபடிதான் போன வியாழக்கிழமை காலை பின்வாசல் படியில் விழுந்தார்.

எந்தப் படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் நேராகப் படியைப் பார்த்து வாயைத் திறந்து வைத்திருக்கிறதே, அங்கேதான். பகலில் வெயில் பட்டுக் கூரைமேல் கிடக்கும் பனி உருகுகிறது, அது சொட்டுச் சொட்டாகக் குழாய் வழியே இறங்கிப் படியெல்லாம் பரவுகிறது, பொழுது சாய்ந்து வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனதும் அப்படியே இறுகிவிடுகிறது. வெள்ளையாகக் கிடந்தாலாவது பனி என்று ஒதுங்கிப் போகலாம். இது கண்ணாடித் தகடு மாதிரி; அடியிலிருக்கும் சிமெண்ட்தான் தெரியும், பார்ப்பவர்கள் வெறும் ஈரம் என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பக்கம் முழுக்கக் கட்டட நிழல் வேறு. கவனமாக நடக்க வேண்டுமென்றால் அது அங்கே இருப்பது முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

விழும்போது யாரும் யோசித்துக் கையை ஊன்றுவதில்லை, கை தானாகப் போகிறது. உடம்பின் பாரமெல்லாம் விரித்த உள்ளங்கையில் இறங்கி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்தவுடனே ‘காலிஸ் முறிவு’ என்றார். ஆபிரகாம் காலிஸ் என்ற அயர்லாந்து மருத்துவர் 1814இலேயே, எக்ஸ்ரே வருவதற்கு எண்பது வருஷம் முன்பே, எழுதிவைத்த முறிவு அது. உலகத்துக்கு இருநூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம், நம் குழுவுக்கு மட்டும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதுச் செய்தி.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அதுவும் வலது கை. கோட்டுக்குப் பொத்தான் போட முடியாது, ஜிப்பை இழுக்க முடியாது, இதெல்லாம் நீங்களே ஊகித்துவிடுவீர்கள். ஊகிக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். கட்டின் மேல் எந்தக் கையுறையும் நுழையாது. ஐந்து விரல் நுனிகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, இந்தக் குளிரில். என்னுடைய கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டிவிட்டிருக்கிறேன், அதுவும் நழுவி நழுவி விழுகிறது. விரல்கள் சில்லிட்டாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று அர்த்தம், உடனே வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வெளியே போய்விட்டு வந்தால் யாருக்குத்தான் விரல் சில்லிடாது? இது குளிரா, கட்டா? ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து இடது கை விரல்களையும் வலது கை விரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், இரண்டும் ஒரே நிறத்துக்கு வரும்வரை. அதனால் இப்போது வெளியே போவதையே விட்டுவிட்டார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குழாயின் வாயைப் படியிலிருந்து திருப்பிவிடுங்கள். ஒரு வளைவுத் துண்டும் கொஞ்சம் நீளக் குழாயும் போதும், அரை நாள் வேலை. அதுவரை ராத்திரி உறையும் என்று தெரிந்தால் முந்தின நாள் சாயங்காலமே உப்பு தூவிவிடுங்கள். காலையில் நாலு பேர் விழுந்தபிறகு தூவுவதில் என்ன இருக்கிறது? உறைவதற்கு முன்னால் தூவினால்தான் பனிக்கட்டி தரையோடு ஒட்டாது.

உப்பு சிமெண்டை அரிக்கும், செடி பட்டுப்போகும் என்று போன கூட்டத்தில் ஒருவர் சொன்னார். உண்மைதான், மறுக்கவில்லை. அப்படியானால் மணல் போடுங்கள். பனியை உருக்காது, ஆனால் காலுக்குப் பிடிப்புக் கொடுக்கும். சொல்லப்போனால் மைனஸ் பத்து டிகிரிக்கும் கீழே போகும் ராத்திரிகளில் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது, அப்போது மணல்தான் கைகொடுக்கும். செடியின் மேல் இவ்வளவு அக்கறை இருப்பது சந்தோஷம், அம்மாவின் மணிக்கட்டும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம்.

அந்த அறிவிப்பின் கடைசி வரியையும் சொல்லிவிடுகிறேன். ‘பனி அள்ளும் பணியில் குடியிருப்போர் அனைவரும் பங்கேற்க அழைக்கிறோம்.’ வருகிறவர்கள் யாரென்று பார்த்தீர்களா? இளவட்டமெல்லாம் வேலைக்குப் போன பிறகு, அறுபதைத் தாண்டியவர்கள்தான் மண்வாரியோடு நிற்கிறார்கள், அதில் ஒருவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். குளிரில் ரத்தக்குழாய் சுருங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈரப்பனியை வாரி வீசினால் இதயம் என்ன பாடுபடும்? தூக்கி வீசாமல் தள்ளுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள் என்று சொல்லவாவது ஒரு ஆள் வேண்டாமா? பனி தள்ளும் இயந்திரம் அடைத்துக்கொண்டபோது ஒரு பையன் அதன் வாய்க்குள் கையை விடப் போனதை நானே பார்த்துக் கத்தினேன். எஞ்சினை அணைத்த பிறகும் உள்ளே இறுகி நிற்கும் தகடு அடைப்பு விலகியதும் சட்டென்று ஒரு சுற்று சுற்றும், விரல் போய்விடும். கோலால்தான் குத்தி எடுக்க வேண்டும். இயந்திரத்தை வாங்கியபோது படம் எடுத்துப் போட்டீர்கள், கூடவே இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். நீங்களும் சம்பளம் வாங்காமல்தான் இந்த வேலையைச் செய்கிறீர்கள், அது எனக்குத் தெரியும். என் கோரிக்கை ஒன்றே ஒன்று: அந்தக் குழாயைத் திருப்பிவிடுங்கள். அடுத்த கூட்டம் வரை தள்ளிப்போடாமல், தயவுசெய்து இந்த வாரமே.

இதற்கிடையில் ஒரு மூட்டை மணலும் ஒரு முகத்தல் குவளையும் பின்வாசல் கதவுக்கு உட்புறம் நானே வைத்திருக்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு நான் தூவுகிறேன். அதிகாலையில் முதலில் இறங்குகிறவர்கள் இன்னும் ஒரு குவளை எடுத்துப் போட்டுவிட்டு இறங்கவும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியில் குடியிருப்பவன்