மேடைப் பயிற்சி பற்றி நண்பருக்கு

நல்லூர்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள சிவா,

உமது கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். மழைதான் இன்னும் தொடங்கவில்லை. ரொறன்ரோவில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தப்போவதாக அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். ஆனால், பேச்சில் சொல்லின் பங்கு 7 வீதம், குரலின் பங்கு 38 வீதம், முகத்தின் பங்கு 55 வீதம் என்ற கணக்கோடு முதல் வகுப்பைத் தொடங்கப்போவதாக எழுதியிருக்கிறீர். தயவுசெய்து அதை விட்டுவிடும்.

அந்த எண்கள் உளவியலாளர் அல்பேர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிப்பதிவு செய்து கேட்பித்தும், முகப் படங்களைக் காட்டியும், பேசுபவரின் விருப்பு வெறுப்பை ஊகிக்கச் சொன்ன ஆய்வுகள் அவை. அதற்கு அப்பால் இந்தக் கணக்குப் பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். உணர்ச்சியைக் காட்டுவதில் உடலுக்குள்ள பங்கை நான் மறுக்கவில்லை. செத்த வீட்டில் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்துவிட்டு வருகிறோமே, அதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ஆனால் தமிழரசுக் கட்சித் தலைவராக இருந்த தந்தை செல்வாவையும் நினைத்துப் பாரும்: பார்க்கின்சன் நோயால் குரல் தளர்ந்திருந்த அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கத்தான் சனம் கூடியது.

அண்மையில் ஒரு பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். வானம் என்றால் விரல் மேலே போகிறது, நெஞ்சம் என்றால் கை மார்புக்கு வருகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அசைவுகள், யாரோ பெரியவர்கள் பழக்கிவிட்டவை. தரம் 8இல் படிக்கும் ஒரு பிள்ளை மட்டும் கைகளைச் சும்மா விட்டபடி நின்று பேசினாள். பின் வரிசையில் சலசலப்பு எழுந்ததும் அவள் குரலை உயர்த்தவில்லை. வசனத்தை முடித்து, சற்று நிறுத்தி, அந்தப் பக்கம் பார்த்து, அடுத்த வசனத்தை முன்னிலும் மெதுவாகத் தொடங்கினாள். மண்டபம் அடங்கியது. அவளுக்கே கூடுதல் புள்ளி போட்டேன். மற்ற நடுவர்கள் 'அபிநயம் போதாது' என்றார்கள். எனக்கு அது இன்னமும் மனவருத்தம்தான்.

வள்ளுவர் 71ஆம் அதிகாரத்தில் குறிப்பறிதலையும், அதற்கு அடுத்து அவையறிதலையும், அதன் பிறகே அவையஞ்சாமையையும் வைத்திருக்கிறார். பிறர் முகத்தைப் படிக்கத் தெரிந்த பின்னரே சபைக்கு முன்னால் அச்சம் நீங்கும் என்று அந்த வரிசையை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆகவே உமது வகுப்பில், ஒரு பிள்ளை பேசும்போது மற்றப் பிள்ளைகளின் முகத்தில் என்ன கண்டாய் என்று பேசிய பிள்ளையிடமே கேளும். கையை எங்கே வைப்பது என்பது பிறகு தானாக வரும்.

பயிற்சிக்கு உதவும் சிறு பேச்சுகள் சிலவற்றை எழுதி அடுத்த கிழமை அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லும்.

என்றும் அன்புடன்,
நாதன்