போலீஸ் காரை நிறுத்தினால்: துப்பாக்கியைச் சொல்வதும் சொல்லாததும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தமிழர்களுக்கான உங்கள் ஞாயிறு பக்கத்தில், "காரில் துப்பாக்கி இருந்தால் போலீஸ் நிறுத்தியதும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும், அதுதான் அமெரிக்கச் சட்டம்" என்ற பொருளில் ஒரு துணுக்கு வந்திருந்தது. அப்படி ஒரு அமெரிக்கச் சட்டம் கிடையாது. இதில் மத்திய அரசு தலையிடுவதே இல்லை. ஐம்பது மாநிலங்களும் ஆளுக்கொரு விதி எழுதி வைத்திருக்கின்றன. துணுக்கை நம்பி நடப்பவர் ஓர் ஊரில் தப்பிப்பார், அடுத்த ஊரில் மாட்டிக்கொள்வார்.

மிச்சிகனில் துணுக்கு சொன்னது சரி. அங்கே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் வைத்திருப்பவர், துப்பாக்கி இடுப்பில் இருந்தாலும் வண்டிக்குள் இருந்தாலும், காவலர் கேட்கும் வரை காத்திராமல் உடனே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் முதல் தடவைக்கே 500 டாலர் அபராதம், ஆறு மாதம் உரிமம் முடக்கம். வட கரோலினா, நெப்ராஸ்கா, அலாஸ்கா ஆகியவையும் இதே வகை. மெய்ன் மாநிலத்தின் விதி கொஞ்சம் வேடிக்கையானது. உரிமம் எடுத்தவர் தானாகச் சொல்ல வேண்டியதில்லை, உரிமம் எடுக்காமல் வைத்திருப்பவர்தான் உடனே சொல்ல வேண்டும்.

ஒஹாயோவில் 2022 ஜூன் வரை "தாமதமின்றிச் சொல்ல வேண்டும்" என்று இருந்தது. எத்தனை விநாடி ஆனால் தாமதம் என்று சட்டம் சொல்லவில்லை. 2011-இல் கேன்டன் நகரில் ஓர் ஓட்டுநர் உரிம அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வாயெடுக்க, காவலர்கள் அவரைப் பேசவிடாமல் அடக்கினார்கள். பிறகு ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று ஒரு காவலர் கொலை மிரட்டல் வரை போனார். எல்லாம் ரோந்து வண்டியின் கேமராவில் பதிவாகியிருந்தது. 13.06.2022 முதல் அங்கே விதி மாறிவிட்டது: காவலர் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. கேட்ட பிறகு மறைத்தால் குற்றம்.

டெக்சஸில் இன்னொரு வழி. காவலர் அடையாள அட்டை கேட்டால், எல்.டி.சி. எனப்படும், கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமம் பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கும் பட்சத்தில் டிரைவிங் லைசென்ஸையும் எல்.டி.சி. அட்டையையும் சேர்த்து நீட்ட வேண்டும். மீறினால் தண்டனை என்ற பகுதியை 2009-லேயே எடுத்துவிட்டார்கள். கடமை மட்டும் ஏட்டில் நிற்கிறது. 01.09.2021 முதல் உரிமமே இல்லாமலும் கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம் என்றாகிவிட்டது. அப்படி வைத்திருப்பவரிடம் நீட்ட அட்டையும் கிடையாது, தானாகச் சொல்லும் கடமையும் கிடையாது. இப்படி உரிமம் தேவையில்லை என்று அறிவித்த மாநிலங்கள் 2024 ஜூலையில் 29 ஆயின. தேர்தல் தேதி அறிவித்ததும் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கும் ஊரிலிருந்து வந்த நமக்கு இதை நம்பவே சில நாள் பிடிக்கும்.

சட்டம் இவ்வளவுதான். ஆனால் சாலையோரத்தில் உயிரைக் காப்பதும் வாங்குவதும், சொல்கிறோமா இல்லையா என்பதைவிட, சொல்லும் நேரத்தில் கை எங்கே இருக்கிறது என்பதுதான்.

மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில் 06.07.2016 அன்று நடந்ததை நினைவிருப்பவர்கள் பலர் இருப்பார்கள். ஃபிலாண்டோ காஸ்டீல் முறையான உரிமம் பெற்றவர். மினசோட்டா சட்டப்படி காவலர் கேட்டால்தான் சொல்ல வேண்டும். அவர் கேட்காமலேயே, மரியாதையாகச் சொன்னார். வண்டியை நிறுத்திய காவலர் லைசென்ஸும் இன்சூரன்ஸும் கேட்டிருந்தார். இன்சூரன்ஸ் அட்டையைக் கொடுத்துவிட்டு, "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும்" என்றார் காஸ்டீல். "அப்படியானால் அதை எடுக்காதீர்கள்" என்றார் காவலர். "எடுக்கவில்லை" என்று காஸ்டீல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏழு குண்டுகள். பின்சீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. சுட்ட காவலரை ஓராண்டு கழித்து நடுவர் குழு விடுவித்தது.

சுட்டவர் காவலர், தவறும் அவருடையது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தச் சில விநாடிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லைசென்ஸை எடு என்ற கட்டளை நிலுவையில் இருக்கும்போதே, கையை நீட்டாதே என்ற கட்டளை வந்து விழுந்தது. ஒன்றுக்குக் கீழ்ப்படிந்தால் மற்றது மீறல். அதோடு, காவலர் காதில் முதலில் விழுந்த சொல் துப்பாக்கி. உரிமம் என்ற சொல் விழவே இல்லை. வட கரோலினாச் சட்டத்தின் வாசகத்தைப் பாருங்கள்: உரிமம் பெற்றவர் என்பதையும், துப்பாக்கி வைத்திருப்பதையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்த வரிசையிலேயே சொல்வது நல்லது.

எனவே, பின்னால் விளக்கு மின்னியதும் செய்ய வேண்டியவை. சிக்னல் போட்டு வலது ஓரம் ஒதுங்குங்கள். என்ஜினை அணைத்து, இரவானால் உள்விளக்கைப் போடுங்கள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை முழுவதும் இறக்குங்கள். காவலர் வலப்பக்கமாகவும் வந்து நிற்பார் என்பதால் அந்தக் கண்ணாடியையும் இறக்கிவிடலாம். பிறகு இரண்டு கையும் ஸ்டியரிங் மேல், விரல்கள் விரிந்து வெளியே தெரியும்படி. இதற்கு மேல் எதையும் தேடாதீர்கள்.

சீட் பெல்ட்டைக் கழற்றவே கூடாது. அமெரிக்கக் காரில் ஓட்டுநருக்கு பெல்ட்டின் பூட்டு வலது இடுப்போரம் இருக்கிறது. வலக்கைக்காரர் ஹோல்ஸ்டரை, அதாவது துப்பாக்கி உறையைச் செருகுவதும் அங்கேதான். பின்னால் வண்டியில் உட்கார்ந்திருக்கும் காவலர் கண்ணுக்கு என்ன தெரியும்? வலது தோள் இறங்குகிறது, கை இடுப்புக்குப் போகிறது. நீங்கள் பெல்ட்டைக் கழற்றினீர்களா வேறு எதையாவது கழற்றினீர்களா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பர்ஸும் அதே சங்கதி. வலது பின்பாக்கெட்டில் பர்ஸ், அதற்கு இரண்டு அங்குலம் மேலே துப்பாக்கி என்று வைத்துக்கொண்டு "லைசென்ஸ் எடுக்கிறேன்" என்றால் யாருக்கும் பதறும். துப்பாக்கி வலப்புறம் என்றால் பர்ஸ் இடப்புறம் சட்டைப்பையிலோ முன்பாக்கெட்டிலோ இருக்கட்டும். துப்பாக்கியை கிளவ் பாக்ஸில் (முன்சீட்டுக்கு எதிரே உள்ள சிறு பெட்டி) வைப்பவர் இன்சூரன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் தாள்களை அங்கே வைக்கக் கூடாது. அவை சன் வைசரில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தால் போதும். நிறுத்தப்பட்டவர்கள் பதற்றத்தில் கிளவ் பாக்ஸைத் திறக்க, தாளுக்கு முன்னால் துப்பாக்கியின் பிடி எட்டிப் பார்ப்பது சர்வ சாதாரணமாக நடக்கிறது.

தானாகச் சொல்லியாக வேண்டிய மாநிலத்தில், காவலர் வந்ததும் சொல்ல வேண்டியது ஆங்கிலத்தில்தான்; மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை. "ஆபீஸர், ஐ ஹாவ் எ கேரி பெர்மிட், அண்ட் ஐ ஆம் கேரியிங். மை ஹேண்ட்ஸ் ஆர் ஆன் த வீல். ஹவ் வுட் யூ லைக் மீ டு ப்ரொசீட்?" (உரிமம் இருக்கிறது, இப்போது வைத்திருக்கிறேன், கைகள் ஸ்டியரிங் மேல் இருக்கின்றன, அடுத்து என்ன செய்யட்டும் என்று பொருள்.) இதில் 'கன்' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். காவலர்கள் தங்களுக்குள் ஆபத்து எச்சரிக்கையாகக் கத்தும் சொல் அது. இரண்டாவது காவலர் பின்னால் நின்றுகொண்டு அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டால் போதும். சொல்லி முடித்ததும் கையை நகர்த்தாமல் பதிலுக்குக் காத்திருங்கள். "லைசென்ஸைக் கொடுங்கள்" என்று வந்தால், "அது இடது பாக்கெட்டில் இருக்கிறது, இடது கையால் எடுக்கிறேன், சரியா?" என்று கேட்டு, சரி என்ற பிறகு மெதுவாக எடுங்கள். இரண்டு கட்டளைகள் முரண்பட்டால் இரண்டுக்கும் கீழ்ப்படிய முயல வேண்டாம். கையை அப்படியே வைத்துக்கொண்டு, எதை முதலில் செய்யட்டும் என்று கேட்பதே வழி.

கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்கிற மாநிலத்தில் என்ன செய்வது? பேசாமல் இருக்க உரிமை உண்டு. பொய் சொல்ல இல்லை. என் கருத்தைக் கேட்டால், அப்படிப்பட்ட மாநிலங்களில் டெக்சஸ் முறையே நல்லது. அட்டைகள் இரண்டையும் ஒன்றாக நீட்டினால் காவலர் தானே பார்த்து, "இப்போது வைத்திருக்கிறீர்களா, எங்கே?" என்று கேட்டுக்கொள்வார். நாமாக அறிவிப்பு விடுக்க வேண்டாம், மறைத்த பேச்சும் எழாது. நம் உச்சரிப்பு புரியாமல் குழம்புவதும் குறையும். ஆனால் வண்டியை விட்டு இறங்கச் சொன்னால் கணக்கு மாறும். 1977-இல் பென்சில்வேனியா எதிர் மிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓட்டுநரை இறங்கச் சொல்லக் காவலருக்குத் தனிக் காரணம் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலேயே இறங்கியவரின் கோட்டுக்கடியில் புடைத்துத் தெரிந்தது ஒரு .38 ரிவால்வர். எழுந்தால் சட்டை தூக்கும், ஹோல்ஸ்டர் தெரியும். காவலர் கண்ணில் படுவதற்கு முன், கதவைத் திறப்பதற்கும் முன், சொல்லிவிடுங்கள்.

சில காவலர்கள் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ள நினைப்பார்கள். "நீங்களே எடுத்துக் கொடுங்கள்" என்று ஒரு காவலர் சொன்னாலும், "என் கை அதன் மேல் படாமல் இருப்பது இருவருக்கும் நல்லது, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பணிவாகச் சொல்லலாம். எடுப்பவருக்கு மூன்று விவரம் தேவை: எந்தப் பக்கம், ஹோல்ஸ்டரில் பூட்டு எப்படித் திறக்கும், சேம்பரில் (குண்டு சுடத் தயாராக நிற்கும் அறை) குண்டு இருக்கிறதா. தனக்குப் பழக்கமில்லாத துப்பாக்கியை, லாரிகள் பறக்கும் சாலையோரத்தில், இருட்டில் காலி செய்யும்போதுதான் கை தவறி வெடிக்கிறது. டெக்சஸில், ஆபத்தில்லை என்று தெரிந்தால் உங்களை அனுப்புவதற்கு முன் திருப்பித் தர வேண்டும். பெரும்பாலும் குண்டுகளைக் கழற்றி, மேகசீனை, அதாவது குண்டுகள் அடுக்கும் கூட்டைத் தனியாகக் கொடுப்பார்கள். அவர் வண்டி கிளம்பும் வரை அதைத் தொடாதீர்கள்.

இனி, மாநில எல்லை. 2013-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், பென்சில்வேனியா உரிமத்தோடு நியூ ஜெர்சிக்குள் ஓட்டிப் போனார். தடம் மாறியதற்காக நிறுத்தப்பட்டார். நேர்மையாக, கேட்காமலேயே, துப்பாக்கி இருப்பதைச் சொல்லி அட்டையையும் காட்டினார். உடனே கைதானார். நியூ ஜெர்சி வெளிமாநில உரிமம் எதையும் ஏற்பதில்லை. உரிமமில்லாத கைத்துப்பாக்கிக்கு அங்கே 42 மாதம் கட்டாயச் சிறை இருக்கிறது. 2015-இல் ஆளுநர் பொதுமன்னிப்பு கொடுத்துத்தான் அவர் மீண்டார். சொன்னது குற்றமில்லை, டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய நிமிடத்திலிருந்து அந்தத் துப்பாக்கியே குற்றம். நியூ ஜெர்சியின் எடிசனில் உறவினர் வீட்டுக்குப் போகும் பென்சில்வேனியாத் தமிழர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஏற்காத மாநிலத்தைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் மத்திய சட்டம் ஒரு வழி தருகிறது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கியை உடன் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்க வேண்டும். குண்டு கழற்றியிருக்க வேண்டும், உட்காரும் பகுதியிலிருந்து கை எட்டக் கூடாது. டிக்கி இல்லாத எஸ்.யு.வி. என்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். கிளவ் பாக்ஸும், முன்சீட்டுகளுக்கு நடுவிலுள்ள கன்சோலும், பூட்டியிருந்தாலும், இந்தக் கணக்கில் பெட்டி ஆகாது.

உங்கள் துணுக்கு தொடாமல் விட்டதுதான் நம்மவர்களுக்கு முக்கியமானது. எச்-1பி, எச்-4, எஃப்-1, பி-2 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பதே மத்தியக் குற்றம். 15 ஆண்டு வரை சிறை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு விண்ணப்பம் பல வருடமாக நிலுவையில் இருப்பது விலக்கல்ல. அட்டை கிடைத்திருக்க வேண்டும். சனிக்கிழமை நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும். கிரீன் கார்டு உள்ளவருக்கும், ஆயுதச் சட்டத்தை மீறி வைத்திருந்ததாகத் தீர்ப்பு வந்தால் அதுவே நாடு கடத்தப் போதுமான காரணம். அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தோடு முடித்துக்கொள்வதற்கு முன், குற்றவியல் வக்கீலோடு குடிவரவு வக்கீலையும் கேட்க வேண்டும்.

இதில் பலர் யோசிக்காத ஒன்று இரவல் கார். கிரீன் கார்டுக்காரர் கன்சோலில் துப்பாக்கியை வைத்து மறந்துவிட்டு, எச்-1பியில் இருக்கும் அறைத்தோழரிடம் சாவியைக் கொடுக்கிறார். ஊரிலிருந்து ஆறு மாதம் வந்திருக்கும் அப்பா பேரனைப் பள்ளியில் விட அதே காரை எடுக்கிறார். வழியில் நிறுத்தி "வண்டியில் ஆயுதம் உண்டா?" என்று கேட்டால் அவர்களுக்கு நல்ல பதில் எதுவும் இல்லை. சாவியைக் கொடுப்பதற்கு முன் கன்சோலையும் கதவுப் பைகளையும் சீட்டுக்கடியையும் கையால் துழாவிப் பாருங்கள். துப்பாக்கி வீட்டு இரும்புப் பெட்டிக்குப் போகட்டும், உதிரிக் குண்டும் கூடவே போகட்டும்.

இப்படிக்கு,
டாலஸ் வாசகர்