வடிகான் கம்பிகளைக் குறுக்கே திருப்புங்கள்

திருகோணமலை நகரின் வீதிகளுக்கும் வடிகான்களுக்கும் பொறுப்பாக இருக்கும் ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் முறைப்பாட்டுக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. பதில் வந்ததற்கே நன்றி சொல்ல வேண்டிய நாட்டில் வாழ்கிறோம். ஆகவே முதலில் நன்றி. நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது, மறுபடி விரிக்கவில்லை. நகரிலிருந்து உப்புவெளிப் பக்கம் போகும் வழியில், வீதியின் இடது ஓரத்து வடிகான் மூடியின் கம்பிகளுக்கு இடையில் என் சைக்கிளின் முன்சில்லு இறங்கியது. சில்லு நின்றது, நான் நிற்கவில்லை. என் தோளுக்கு வைத்தியசாலையில் போட்ட கட்டை அவிழ்த்தாகிவிட்டது. மூடி அப்படியே இருக்கிறது.

உங்கள் பதிலின் சாரம் இதுதான்: நான் ஓட்டுவது பந்தய வண்டி, அதன் ரயர் மெல்லியது, டிஸ்க் பிரேக் சடுதியாகப் பிடித்ததால் கவிழ்ந்திருக்கக்கூடும், ஆகவே பொது வீதிக்குப் பொருத்தமான துவிச்சக்கர வண்டியைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறேன். இதை வாசித்த பிறகுதான், அடுத்த கடிதத்தை ஊர் பார்க்க எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

வண்டியிலிருந்தே தொடங்குகிறேன். நெதர்லாந்தில் இருக்கும் என் மச்சான் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து, போகும்போது எனக்கு விட்டுச் சென்ற சைக்ளோகுரொஸ் சைக்கிள் அது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் குளிர்காலத்தில் சேறு, மணல், புல் என்று பாராமல் ஓடும் பந்தயத்துக்கு உருவானது. வளைந்த ஹாண்டிலைப் பார்த்தால் மெல்லிய பந்தய வண்டி போலத்தான் இருக்கும். ஆனால் ரயரில் பல் உண்டு. சேறு அடைத்துக்கொள்ளாதபடி ரயருக்கும் சட்டத்துக்கும் இடையில் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். கன்னியாப் பக்கத்துக் கிரவல் பாதையிலும் நிலாவெளிக் கரையின் ஈர மணலிலும் என்னைத் தாங்கிக்கொண்டு போகிற வண்டி. வீதியே இல்லாத இடத்துக்கென்று செய்த வண்டியைப் பார்த்து, வீதிக்குப் பொருந்தாது என்கிறீர்கள்.

பிரேக்கையும் விட்டுவைக்கவில்லை. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் மழையில் முதலில் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் பிடிக்கத் தொடங்கும். டிஸ்க் பிரேக் சில்லின் நடுவில் இருக்கும் உருக்குத் தட்டைப் பிடிப்பதால் ஈரமும் சேறும் அவ்வளவு தொல்லை தருவதில்லை. சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் 2010இல் சைக்ளோகுரொஸ் பந்தயங்களுக்கு அதை அனுமதித்தது. அது கிடக்கட்டும், அன்று நான் பிரேக்கைத் தொடவே இல்லை. விழுந்த பிறகு பார்த்தால் முன் ரிம் நெளிந்திருந்தது. ரிம் பிரேக் வண்டியாக இருந்தால் நெளிந்த ரிம் பிரேக் கட்டையில் இடித்து, சில்லே சுற்றியிராது. தோளில் தூக்கித்தான் வந்திருக்க வேண்டும், அதுவும் அந்தத் தோளில். டிஸ்க் என்றபடியால் உருட்டிக்கொண்டு வர முடிந்தது. டிஸ்க் தட்டு சில்லின் இடப்பக்கத்தில் இருப்பது. ஓரக்கல்லில் அடிபட்டு அதுவும் சற்றே வளைந்து, வீடு வரும்வரை உரசிச் சத்தம் போட்டது. புதுத் தட்டு இங்கே கடைகளில் கிடைக்கவில்லை, கொழும்புக்குச் சொல்லி எடுத்தேன். அந்தச் செலவை உங்களிடம் கேட்கவில்லை. அன்று அந்த இடத்தில் குறை சொல்ல முடியாத ஒரே பொருள் மீது பழி போடாதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

ரயர் மெல்லியது என்கிறீர்கள். என் ரயர் 33 மில்லிமீற்றர். சைக்ளோகுரொஸ் பந்தயத்துக்கான சர்வதேச விதியில் உள்ள உச்ச அகலமே அதுதான். விடியற்காலையில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு போகிறவரின் 28 அங்குலப் பெரிய சைக்கிளுக்கு ஒன்றரை அங்குல ரயர், ஏறத்தாழ 40 மில்லிமீற்றர். பாடசாலைப் பிள்ளைகளின் 26 அங்குல லேடீஸ் சைக்கிளுக்கு 37. நாடா பிடித்து அந்த மூடியை அளந்தேன்: கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் 45 மில்லிமீற்றர், கம்பிகள் எல்லாம் வீதி போகும் திசையிலேயே நீளவாக்கில். மூன்று சைக்கிள்களில் எது பொருத்தமானது என்று நீங்களே சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்றால் மோட்டார் சைக்கிள் வாங்கச் சொல்கிறீர்கள் என்று விளங்கிக்கொள்கிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் கம்பிகளைக் குறுக்கே திருப்புங்கள்.

இடது ஓரம் சைக்கிளுக்கு உரிய இடம் என்று சின்ன வயதிலேயே சொல்லித் தந்தார்கள். பஸ் சாரதியும் டிப்பர் சாரதியும் எங்களை அங்கேதான் எதிர்பார்க்கிறார்கள். மூடிகளும் அங்கேதான் வரிசையாக இருக்கின்றன. மூடி கண்ணில் பட்டதும் வலப்பக்கம் வெட்டி எடுக்க வேண்டும். பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது, முதுகில் ஹோர்ன் விழும்போதுதான் தெரியும். கரியரில் பாரம் கட்டியவரால் அப்படி வெட்டவும் முடியாது, பெட்டி ஒரு பக்கம் இழுத்துவிடும். இத்தனையும் கச்சான் காற்று வீசும் காய்ந்த மாதங்களில். வாடை தொடங்கி, கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்துக்கொண்டால் ஓரமெல்லாம் கலங்கல் தண்ணீர். அதன் கீழே எது தார், எது கம்பி என்று தெரியாது. நாங்கள் மதில், விளக்குக் கம்பம், கடைப் பலகை என்று அடையாளம் வைத்து, இந்தப் பலகைக்குப் பிறகு ஒரு மூடி, அந்த மதில் முடியும் இடத்தில் இன்னொன்று என்று மனப்பாடமாக ஓட்டுகிறோம். ஒரு கடைக்காரர் தன் பலகையை மாற்றினால் எங்கள் வரைபடம் பிழையாகிவிடுகிறது. காலையில் மணி அடிப்பதற்குள் பாடசாலைக்குப் போய்ச் சேர வேண்டிய பிள்ளை, ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, முதுகில் புத்தகப் பையோடு இந்தக் கணக்கையெல்லாம் போட வேண்டியிருக்கிறது. நாளை அவள் விழுந்தால், எந்த வண்டியைப் பயன்படுத்துமாறு அவளுக்கு எழுதுவீர்கள்?

சைக்ளோகுரொஸ் பந்தயத்தில் வீரர்கள் இறங்கி, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டிய இடங்கள் உண்டு. வேண்டுமென்றே பலகைத் தடைகள் வைப்பார்கள். அதற்கும் விதி இருக்கிறது: பலகையின் உயரம் 40 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது, பாதையில் 90 சதவீதமாவது ஏறி ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். மழை நாளில் நம் வீதி ஓரங்கள் அந்த 90 சதவீதத்தை எட்டுமா என்பது எனக்குச் சந்தேகம். சேற்றுப் பந்தயக்காரர்களுக்குக் கிடைக்கும் சலுகையைச் சந்தைக்குப் போகிறவர்களுக்கும் கொடுத்தால் என்ன?

2022இல் பெற்றோல் வரிசைகள் தெருத் தெருவாக நீண்டபோது சைக்கிளுக்கு இருந்த மரியாதையை நினைத்துப் பார்க்கிறேன். உத்தியோகத்தர்கள் சைக்கிளில் கந்தோருக்கு வந்தார்கள். உடம்புக்கு நல்லது, நாட்டுக்கு நல்லது என்றார்கள். சைக்கிள் விலை எகிறியது. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் குறியீடு வந்து, வரிசைகள் கரைந்து, பெற்றோல் தாராளமானதும் சைக்கிள் மறுபடியும் வழியில்லாதவனின் வாகனமாகிவிட்டது. உங்கள் கந்தோர் வளவுக்குள் கார்களுக்கு நிழல் பந்தல் இருக்கிறது. முறைப்பாடு கொடுக்க வந்த என்னிடம் காவலாளி சைக்கிளை வெளியே மதிலில் சாத்தச் சொன்னார். கோட்டைப் பக்கத்து மான்கள் ஊருக்குள்ளும் உலாவுகின்றனவே, அவற்றில் ஒன்றின் கால் இந்தக் கம்பியில் சிக்கினால் அன்று மாலையே படத்தோடு செய்தி வரும், மறுநாள் மூடி மாறும். எங்களுக்குக் கொம்பு முளைக்கவில்லை.

மன்னிக்க வேண்டும். மரியாதையாகக் கேட்பதற்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இது பெரிய வேலையும் அல்ல. சதுரமான மூடிகளைத் தூக்கி, கால் வட்டம் திருப்பி வைத்தால் போதும். நீள்சதுரமானவையும் சட்டத்தோடு ஒட்டப்பட்டவையும் இருக்கின்றன. பழைய இரும்புக்காரரிடம் போய்விடாமல் இருக்க ஒட்டினோம் என்று உங்கள் உத்தியோகத்தர் ஒருவர் சொன்னார். அது நியாயமான பயம். அவற்றைக் கழற்ற வேண்டாம். மேலே குறுக்காகத் தட்டை இரும்புப் பட்டங்களை இடைவிட்டு ஒட்டிவிடலாம். ஒரு வெல்டிங்காரரும் ஜெனரேட்டரும் போதும். தண்ணீர் போகும். இலையும் பொலித்தீனும் முன்னைவிடச் சற்றுக் கூடுதலாகத் தங்கும் என்பதும் உண்மை. மழைக்கு முன்னும் பின்னும் கூட்டிப் பெருக்க ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.

யாருடைய பொறுப்பு என்ற கேள்வியையும் நீங்களே தீர்த்துவைக்க வேண்டும். ஒரு கந்தோரில், வீதி எங்களுடையது, வடிகான் மற்றவர்களுடையது என்றார்கள். மற்றக் கந்தோரில், வடிகான் எங்களுடையதுதான், ஆனால் மூடி வீதி போட்டவர்கள் வைத்தது என்றார்கள். அந்த மூடி உண்மையிலேயே யாருக்கும் சொந்தமில்லை என்றால் அதையும் எழுத்தில் தாருங்கள். அயலவர்கள் சேர்ந்து அலவாங்கோடு வந்து நாங்களே திருப்பி வைக்கிறோம்.

இல்லையென்றால், தயவுசெய்து, வாடை மழை தொடங்குவதற்கு முன் அந்தக் கம்பிகளைக் குறுக்கே திருப்பித் தாருங்கள். எந்த எந்த மூடிகள் என்று தேடி உங்கள் ஆட்கள் அலைய வேண்டியதில்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு யாரையாவது அனுப்பினால், கூடவே வந்து ஒவ்வொன்றிலும் சோக்கட்டியால் அடையாளம் போட்டுத் தருகிறேன். சைக்கிளில்தான் வருவேன்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு சைக்கிளோட்டி