பாப்பாவை நிறுத்துவதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஊரில் இன்னும் ரெண்டு மூணு வீட்டில் இதே பேச்சு ஓடுவதால் பொதுவிலேயே போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

"எட்டாவது வந்துட்டா, இனிமே கூத்து கீத்து வேணாம்" என்று கூத்து வாத்தியாரிடம் சொன்னாயாமே. பாப்பா என்னிடம் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை போய்விட்டு வந்து சலங்கையைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கூத்தாடினால் மார்க் கூடும் என்று உன்னிடம் வாதாட வரவில்லை. கணக்கில் போன வருஷம் வாங்கியதையேதான் இந்த வருஷமும் வாங்குகிறாள். ஆனால் ஆறாம் வகுப்பில் நீங்கள் ரெண்டு பேரும் அவளை இங்கே விட்டுவிட்டு ஓசூர் போனபோது அவள் எப்படி இருந்தாள் என்று நீ பார்க்கவில்லை. மதியம் சாப்பாட்டு டப்பாவை அப்படியே திருப்பிக்கொண்டு வருவாள். கேட்டால், "யார் கூட உக்காந்து சாப்பிடறது அத்தை?" என்பாள்.

கூத்தில் சேர்ந்ததும் வாத்தியார் அவளுக்கு உடனே வேஷம் கொடுத்துவிடவில்லை. முதல் அஞ்சு மாசம் பின்பாட்டுதான். விடிய விடிய ஆடிப் பாடும் நம் கட்டைக்கூத்தில் வேஷக்காரர் ஓர் அடியைப் பாடி விட்டால், பின்னால் இருப்பவர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். ஆடுகிறவருக்கு மூச்சு வாங்க அந்த நேரம்தான். முகவீணைக் குழலும் மிருதங்கமும் எவ்வளவு எடுப்பாக இருந்தாலும், பின்பாட்டு சரியில்லாவிட்டால் விடிய விடிய ஒருவராலும் தாக்குப்பிடிக்க முடியாது. பாப்பாவின் குரல் தனியாக யாருக்கும் கேட்டிருக்காது. ஒருநாள் இருமலில் அவள் பாடாமல் நின்றுவிட, முன்னால் ஆடிய பையன் திரும்பிப் பார்த்து, "ஏய், எங்க போன?" என்று கேட்டானாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதை நாலு தரம் சொன்னாள்.

இந்த மாசிக்குத்தான் அபிமன்யு வேஷம் கிடைத்தது. உனக்கே தெரியும், வேஷம் முகத்தைக் காட்டுவதற்கு முன்னால் திரைக்குப் பின்னாலிருந்து பாட வேண்டும். ரெண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கிரீடத்தின் நுனி மட்டும் வெளியே தெரியும். முதல் அடி நடுங்கியது. பின்பாட்டு அதை வாங்கியது. ரெண்டாவது அடியில் குரல் நடுங்காமல் நிலைத்தது. திரை விலகியதும் கிறிக்கி அடித்தாள் பார், சுழன்ற வேகத்தில் தோளில் கட்டிய புஜக்கட்டை கழன்று ஆர்மோனியத்தின் மேல் விழுந்தது! சிரிக்காமல் எடுத்துக் கட்டிவிட்டது, அவளுக்கு அரிதாரம் பூசிவிட்ட, நம் தெருவிலேயே இருக்கும் பெண் பிள்ளைதான். இப்போது மதியம் ரெண்டு பேருக்கும் ஒரே டப்பா.

கூத்து பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிடும் என்ற உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்தக் காலத்து நாடகப் பிள்ளைகள் பட்ட பாடும் தெரியும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியபோது, பின்னாளில் அவ்வை சண்முகம் என்று பேர் வாங்கிய நடிகர் ஆறு வயதுப் பையன். அந்த மாதிரி பாய்ஸ் கம்பெனிகளில் பாட்டும் தமிழும் தாளமும் கற்றுக்கொண்டார்கள், வாஸ்தவம். கூடவே பிரம்படியும் பட்டார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ராஜபார்ட் வேறு பையனுக்குப் போய்விடும். பையனின் குரல்தான் கம்பெனிக்கு மூலதனம்; குரல் போனால் பையன் எதற்கு? அதைப் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு மனசு வராது.

அதற்காகத்தான் காஞ்சிபுரம் பக்கத்துப் புஞ்சரசந்தாங்கல் கட்டைக்கூத்து குருகுலத்தைச் சொல்கிறேன். அதை நடத்திய ராஜகோபால் வாத்தியாரே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கூத்துக்கு வந்தவர். தன்னிடம் வரும் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று படிப்பையும் கூத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார். ஆம்பிளைகளே ஆடிவந்த வேஷங்களைப் பெண் பிள்ளைகளும் கட்டினார்கள். 2002-இல் தொடங்கி 2020 வரை நடந்தது. அது மூடியதில் எனக்கு இன்னும் ஆற்றாமைதான். நம் வாத்தியாரிடம் அத்தனை வசதி கிடையாது. வாரத்தில் ரெண்டு நாள், கோயில் மண்டபம், அவ்வளவுதான். பரீட்சை மாசம் வராதே என்று அவரே சொல்லிவிடுகிறார்.

விடிய விடிய கண் முழிப்பது உனக்கு ஆகாதென்றால் அதைப் பேசலாம். பிள்ளைகளின் பாகத்தைப் பன்னிரண்டு மணிக்குள் முடிக்கச் சொல்லி நானே கேட்கிறேன். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தாதே.

ஞாயிறு காலை ஒத்திகை இருக்கிறது. சனி ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடலாம். வரும்போது தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வா. அரிதாரம் கலைத்தே வீட்டில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

உன் அக்கா