ரெஸ்ட் ஹவுசில் தங்கினோம் என்று சொன்னவள் எழுதுவது

அன்புள்ள உனக்கு,

"திவசம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று போன கிழமை நீ அனுப்பிய ஒற்றை வரிக்கு இன்னும் பதில் போடவில்லை. வாசித்துவிட்டேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். முடிந்தது. ஐயர் நேரத்துக்கு வந்தார். அம்மாவுக்குப் பிடித்த முருங்கையிலை வறை வைத்தோம். பெரியம்மா வழமைபோல உப்புக் காணாது என்றா. இவ்வளவையும் போனிலேயே எழுதியிருக்கலாம். மற்றதை அதில் எழுத வரவில்லை, அதனால் இங்கே.

உன் பெயரையும் உன் தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் போடவில்லை. என் சொந்தக்காரர் பாதிப் பேர் நான் எழுதுவதை வாசிக்கிறார்கள். வாசித்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள், அம்மாவுக்குப் போன் எடுப்பார்கள். இப்போது அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

2017 தை, பொங்கல் முடிந்த கையோடு போன அந்தப் பயணத்தைப் பற்றி உனக்கு நான் என்ன சொல்ல இருக்கிறது? தம்பியின் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு இரவு மெயில் ரயிலில் ஏறினேன், ரயில் மாற பொல்கஹவெலயில் நின்று விடியப்புறம் குளிரில் நடுங்கினோம், மலைக்குப் போகிற பொடி மெனிக்கே ரயிலில் இடம் கிடைக்காமல் வாசற்படியில் இருந்தோம். கிளிநொச்சியில் ரயில் நின்றபோது உன் சித்தப்பா குடும்பம் பற்றி நீ சொன்னாயே, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. 1977 கலவரத்துக்குப் பயந்து மலையிலிருந்து வன்னிக்கு வந்த எத்தனையோ குடும்பங்களின் கதை அது என்று மட்டும் மற்றவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

கொட்டகலை தாண்டியதும் நீ என்னை ஜன்னல் பக்கம் இழுத்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முதலில் டெவோன் அருவி, கொஞ்ச நேரத்தில் சென் கிளேயர் அருவி. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரிக்கு மட்டும். கிணற்றடியில் வாளி கணக்குப் பார்த்துக் குளித்து வளர்ந்தவளுக்கு, ஒரு மலை முழுக்கத் தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டிருப்பது அநியாயம் மாதிரி இருந்தது. நீதான் சொன்னாய்: மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் தொடங்கியதிலிருந்து சென் கிளேயருக்கு வருகிற தண்ணீரைத் திருப்பி எடுத்துவிடுகிறார்கள், பகலில்தான் கொஞ்சம் அருவிக்கு விடுகிறார்கள் என்று. "எங்க ஆளுங்க மாதிரிதான். காலையில பிரட்டுக்கு வரும், பேர் விழுற வரைக்கும் ஓடும், அப்புறம் லயத்து வீட்டுக்குப் போயிரும்." பிரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது, பேர் என்றால் ஒரு நாள் சம்பளம் என்று எனக்கு அப்போது தெரியாது. விளங்கினமாதிரித் தலையாட்டினேன்.

சரி, தியலும அருவிக்கு வருகிறேன். அதற்குத்தானே இவ்வளவும்.

220 மீற்றர், இலங்கையில் இரண்டாவது உயரம், பம்பரகந்தவுக்கு 263 என்று நான் சோதனைக்குப் பாடமாக்கினவள் மாதிரி ஒப்புவித்துக்கொண்டு வந்தேன். "அந்தக் கணக்கெல்லாம் ரோட்டுல நின்னு பாக்கிறவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு மானாப்புல்லுக்குள்ளால் என்னை மேலே கொண்டுபோனாய். கையில் கீறல், காலில் கீறல், மேலே வெய்யில். ஏறி முடித்தால், பூனாகலை ஓயா விழுவதற்கு முதல் தட்டுத் தட்டாகத் தேங்கி நிற்கிறது. கடைசித் தட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை, வெறும் வானமும் தூரத்தில் வெல்லவாயப் பக்கத்து வெளியும். விளிம்புக்குப் போகாதே என்று நீ கத்தியதும் நான் படுத்துத் தவழ்ந்துபோய் எட்டிப் பார்த்ததும் நினைவிருக்கிறதா? தண்ணீர் விழுகிற சத்தம் மேலே கேட்கவே இல்லை. கீழே ரோட்டில் பஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது.

பிறகு குளித்தோம். நான் கழுத்தளவு தண்ணீரில் நின்றேன், நீ கரையில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாய். போன் அடித்தது. நீ கையைச் சட்டையில் துடைத்துவிட்டு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, என் பக்கம் நீட்டிப் பிடித்தாய்.

"எங்க பிள்ளை நிக்கிறாய்?"

"அருவியடியில, அம்மா."

"இரவு எங்க படுத்தனீங்கள்?"

நான் உன்னைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்தேன். "ரெஸ்ட் ஹவுசில, அம்மா."

"சாப்பாடு?"

"கடையில."

அம்மா பெருமூச்சு விட்டா. விட்டுவிட்டு ஒரு வசனம் சொன்னா. அதை இங்கே எழுதமாட்டேன். சொன்னவ இப்போது இல்லை, கேட்டவள் நீ இருக்கிறாய், அது காணும். நீ போனை நிறுத்தினாய். சொப்பிங் பைக்குள் வைத்து, காற்றை அமத்தி வெளியேற்றி, பையின் வாயை இரண்டு முறை முறுக்கி மடித்து என் உடுப்புக்குக் கீழே வைத்தாய். அவ்வளவு கவனமாக. பிறகு கேட்டாய்: "தண்ணி ரொம்பக் குளிருதா?"

மன்னித்துக்கொள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதப் போனால் கை வேறு பக்கம் போகிறது. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மாமா அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்திருப்பார். நீ சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்ததும் நின்றிருக்கும். உனக்குச் சோறு போட்டவ அம்மாதானே, இன்னும் கொஞ்சம் போடு என்று உன் கோப்பையில் மீன் துண்டை வைத்தவவும் அவதானே. எங்கள் ஊரில் வருகிறவர்களுக்குப் போடுவது வேறு, அவர்களின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவது வேறு. இந்தச் சட்டத்தை நான் எழுதவில்லை. அதற்குள் இருந்துகொண்டு உன்னோடு சிநேகமாக இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்தப் பொய்தான். கம்பஸ் முடியும் வரைக்கும் அதன் தயவில்தான் நாங்கள் ஒன்றாகத் திரிந்தோம். இன்றைக்கு அதே தண்ணீரில் நிற்கவிட்டு அம்மாவையும் உயிரோடு கொண்டுவந்தால் திரும்பவும் அதையே சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் நீயும் ஒன்று செய்தாய். இவ்வளவு நாளும் நான் அதைக் கேட்கவில்லை.

அன்றிரவு உங்கள் வீட்டு முன் திண்ணையில், நீங்கள் சொல்கிற இஸ்தோப்பில் இருந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். எல்லாருக்கும் எவர்சில்வர் தம்ளரில் தேத்தண்ணி, எனக்கு மட்டும் பூப்போட்ட பீங்கான் கோப்பை. குடித்து முடித்துக் கவிழ்த்துப் பார்த்தேன், அடியில் விலை ஒட்டியபடி இருந்தது. 180 ரூபா. அப்போது உன் அம்மாவின் அடிப்படை நாள் சம்பளம் 500. அந்தக் காசுக்கு அவ எத்தனை கிலோ கொழுந்து கிள்ளியிருப்பா என்று அன்றைக்கு எனக்கு யோசிக்கத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது கோபப்பட மட்டும்தான். அந்தக் கோப்பை ஆருடைய யோசனை? யாழ்ப்பாணத்துப் பிள்ளை வருகிறாள், நாங்கள் குடிக்கிறதில் குடிக்கமாட்டாள் என்று வீட்டில் சொல்லிவைத்தது ஆர்? நான் ரெஸ்ட் ஹவுஸ் என்று சொன்னது அன்று மத்தியானம். கோப்பை நான் வந்து சேருவதற்கு முன்னமே வாங்கி வைத்தது. ஆர் ஆரை முதலில் தள்ளி வைத்தது என்று நீயே பார்.

உன் அம்மா சம்பலை என் பக்கம் நகர்த்தினா. "ரெஸ்டவுசு சாப்பாடு மாதிரியெல்லாம் இருக்காது பாப்பா. கொஞ்சமாச்சும் சாப்புடுங்க."

ரொட்டி தொண்டையில் நின்றுவிட்டது. நீ சொன்னாயா? அல்லது அவ சும்மா, வாயில் வந்ததைச் சொன்னாவா? நான் உன் முகத்தைப் பார்த்தேன், நீ அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாய். எனக்கு இன்றைக்கும் விடை தெரியாத கேள்வி இது ஒன்றுதான். சொல்லியிருந்தால் நீ அப்போதே என்னைத் தண்டித்துவிட்டாய், நான் உனக்கு ஒன்றும் கடன் இல்லை. சொல்லவில்லை என்றால் எப்படிக் கழிக்கிறது என்று தெரியவில்லை.

அடுத்த நாள் கொஸ்லந்தைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது மலையில் வெறுமையாகக் கிடந்த ஒரு பக்கத்தைக் காட்டினாய். மீரியபெத்த. நான் "எப்ப நடந்தது?" என்று கேட்டேன். கேட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது. ஊரே ஸ்டேசனில் நின்றது. அம்மா பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினா. அதே மாதம் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. எங்கள் வீட்டில் அந்தக் கிழமையும் ரயில் கதைதான். "ரெண்டும் ஒரே மாசந்தான்" என்று மட்டும் சொன்னாய். குத்திக் காட்டினாயா, தகவல் சொன்னாயா என்று அதுவும் தெரியவில்லை. உன்னோடு எப்போதும் இதுதான் கஷ்டம். கத்துகிறவளோடு சண்டை பிடிக்கலாம்.

2024இல் அம்மா செத்தபோது ஆரிடமும் சொல்லியனுப்பச் சொல்லவில்லை நான். மாகோவுக்கும் அனுராதபுரத்துக்கும் இடையில் பாதை திருத்த வேலை, அந்த வருசம் தொடங்கியதிலிருந்து அதால் ரயில் ஓடவில்லை. நீ பஸ் மாறி மாறி வந்தாய். செருப்பை வெளியில் கழற்றிவிட்டு, அம்மாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றாய், பிறகு நேரே குசினிக்குள் போய் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினாய்.

"ஆர் இந்தப் பிள்ளை?" என்று பெரியம்மா கேட்டா.

"கம்பஸில ஒண்டாப் படிச்சவ."

நீ சீனி அளந்துகொண்டிருந்தாய், நிமிர்ந்து பார்க்கவில்லை. எந்த ஊர் என்று அவவே உன்னிடம் கேட்டா, நீ ஹப்புத்தளைப் பக்கம் என்றாய். அதற்குப் பிறகு அந்தக் குசினியில் நடந்ததை எழுதினால் எனக்கு இந்த வீட்டில் நாளைக்குச் சோறு கிடைக்காது. பெரியம்மா, இதை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களில் எனக்குக் கோபமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வரைக்கும் நின்றாய். அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்குத் திரியை நீ இழுத்து விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வசனத்தைக் கேட்ட காது, அந்தத் திரியை இழுக்கிற கை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பழி தீர்க்க இதைவிடத் திறமான வழி இல்லை என்று நினைத்தேன், உன்னைப் பிடித்து வெளியில் தள்ளலாம் போல இருந்தது. அப்போதுதான் உன் கால் கண்ணில் பட்டது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருந்து வந்த வீக்கம் மூன்றாம் நாளும் வற்றவில்லை. செருப்பு வார் பதிந்த இடம் குழியாகக் கிடந்தது. உனக்கு நான் ஒரு கதிரைகூட எடுத்துத் தரவில்லை.

திவசம் முடிந்த இரவு அப்பாவிடம் சொன்னேன். ரெஸ்ட் ஹவுஸ் இல்லை அப்பா, அவளின் வீட்டில்தான் படுத்தோம், அங்கேதான் சாப்பிட்டோம் என்று. இவ்வளவு காலம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை நடுங்கிக்கொண்டு சொல்கிறேன். "அதுக்கு இப்ப என்ன?" என்றார். செய்தி போய்க்கொண்டிருந்தது, சத்தத்தைக் கூட்டினார். உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை.

வருகிற தையில் வரலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். தனியாகத்தான். உன் பள்ளிக்கூடம் தொடங்க முதல் வந்து போய்விடுவேன். எங்கே தங்குகிறேன், என்ன சாப்பிடுகிறேன் என்பதைப் போனில் கேட்க இனி ஆளில்லை, அதனால் இதில் துணிச்சல் என்று ஒன்றுமில்லை என்று நீ நினைக்கலாம். நினை. வரவேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது, கோபம் என்றால் கோபம் என்று எழுது. "உன் விருப்பம்" என்று மட்டும் அனுப்பாதே.