சங்கத்தின் ஆண்டறிக்கை: கருவிப் பகிர்வும் பயிற்சியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டில் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

பாரம் தூக்கவும் நகர்த்தவும் வேண்டிய கருவிகளை உறுப்பினர்களுக்குள் பகிர்வதும், அவற்றைக் கையாளக் கற்றுத்தருவதும் நம் வேலை. ஒரு கருவி எத்தனை மடங்கு உதவும் என்று கணக்கிட நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும். கைக்குக் குறைந்த பாரம் எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்கும் பழக்கம்தான் குறைவு. ஆகவே இவ்வாண்டுப் பயிற்சிகள் அனைத்தையும் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைத்தோம்.

முதல் பயிற்சி கடப்பாரை. 150 செ.மீ. நீளக் கடப்பாரையில் நுனியிலிருந்து 15 செ.மீ. தள்ளி முட்டு வைத்தால் கைப்பக்கம் 135 செ.மீ. கிடைக்கும், அதாவது ஒன்பது மடங்கு. கையால் 20 கிலோ அழுத்தினால் நுனி 180 கிலோவை எழுப்பும். ஆனால் முட்டின் மேல் இறங்குவது இரண்டும் சேர்ந்த 200 கிலோ. ஈர மண்ணில் வைத்த செங்கல் அதைத் தாங்காமல் புதையும். நுனி எழும்பாது, கடப்பாரைதான் தாழும். முட்டுக்கு அடியில் அகலமான பலகை போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. கை 18 செ.மீ. இறங்கினால் பாரம் 2 செ.மீ.தான் ஏறும். எனவே கொஞ்சம் ஏற்றி, அடியில் கட்டை கொடுத்து, முட்டை உயர்த்தி, மறுபடி ஏற்ற வேண்டும். கட்டையைத் தள்ள இன்னொரு குச்சியை வைத்துக்கொள்ளுங்கள். விரல் உள்ளே போகக்கூடாது. கடப்பாரையின் குறுக்கே கால் போட்டு நின்று அழுத்தவும் கூடாது. அது வழுக்கினால் மேல்நோக்கித் தெறிக்கும்.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது கப்பிப் பயிற்சி. எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். உத்திரத்தில் கட்டிய ஒற்றைக் கப்பி பாரத்தைக் குறைப்பதே இல்லை. இழுக்கும் திசையை மட்டும் மாற்றுகிறது. 50 கிலோ மூட்டையை ஏற்ற 50 கிலோவுக்குச் சற்று மேலேயே இழுக்க வேண்டும். உத்திரமோ மூட்டையையும் நம் இழுப்பையும் சேர்த்து 100 கிலோவுக்கு மேல் சுமக்கிறது. மூட்டையைத் தாங்கும் என்று நம்பிக் கட்டிய கொம்பு ஒடிவதற்குக் காரணம் இதுதான்.

மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கப்பி பூட்டினால் பாரத்தை நான்கு கயிறுகள் தாங்கும். 80 கிலோவுக்கு 20 கிலோ இழுப்பு போதும் என்பது ஏட்டுக் கணக்கு. ஒவ்வொரு கப்பியும் உராய்வில் பத்தில் ஒரு பங்கை விழுங்கினால் இழுப்பு 26 கிலோ ஆகும். அச்சு துருப்பிடித்து ஐந்தில் ஒரு பங்கு போனால் 34 கிலோ. கிரீஸ் வைக்காத ஒரே காரணத்துக்காக 8 கிலோவைக் கூடுதலாக இழுப்பது வீண். 3 மீட்டர் ஏற்ற 12 மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். பாதியில் கயிறு தீர்ந்தால் பாரம் அந்தரத்தில் நிற்கும். ஒரு பொருளைத் தரையோடு இழுப்பதானால் அதே பூட்டைத் தலைகீழாகத் திருப்பி, கையிலிருக்கும் கயிறு நகரும் பக்கத்திலிருந்து வருமாறு அமையுங்கள். நான்கு மடங்குக்குப் பதில் ஐந்து மடங்கு கிடைக்கும்; செலவு எதுவும் இல்லை.

கயிறு பற்றி ஒரு வேண்டுகோள். கயிற்றின் தடிமனைப் போல் எட்டு மடங்காவது கப்பியின் விட்டம் இருக்கட்டும், 12 மி.மீ. கயிற்றுக்கு ஏறத்தாழ 10 செ.மீ. அதைவிடச் சிறிய கப்பியில் கயிறு மடங்கி, உள்ளிழைகள் ஒன்றையொன்று அறுத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது. புரியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மாவுபோல் தூள் இருக்கும். அந்தக் கயிற்றை ஒதுக்கிவிடுங்கள். முடிச்சுப் போட்ட இடத்தில், முடிச்சைப் பொறுத்து, மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பலம் குறைகிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

சாய்பலகையைப் பலரும் கருவியாகவே மதிப்பதில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கப் பொறியறிஞர் அலெக்சாந்திரியாவின் ஹீரோன் தந்த ஐந்து எளிய இயந்திரங்களின் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. ஆனால் தனியாளாகப் பாரம் ஏற்ற இதைவிட நம்பகமானது எதுவுமில்லை என்பது என் கருத்து. 3 மீட்டர் பலகையை 50 செ.மீ. உயரத்துக்குச் சாய்த்தால் 120 கிலோ பீப்பாயை உருட்டி ஏற்ற 20 கிலோவும் கொஞ்சம் உராய்வும்தான். அதையும் பாதியாக்கலாம். இரண்டு கயிறுகளின் ஒரு முனையை மேல்தளத்தில் கட்டி, பலகை வழியே கீழே விட்டு, பீப்பாயின் அடியில் சுற்றி, மறுமுனைகளை மேலே நின்று இழுங்கள். பீப்பாயே நகரும் கப்பியாகிவிடும். 10 கிலோ போதும். கீழே நின்று தள்ளும் ஆளும் தேவையில்லை. பாரத்துக்குக் கீழே எவரும் நிற்கக்கூடாது என்ற விதியைச் சங்கம் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறது. பலகையின் மேல்முனையைக் கொக்கியால் மாட்டி, நடுவில் ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும். நடுப்பலகைதான் முதலில் வளையும்.

ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஒரே பாடம்தான். 60 கிலோ பாரம் அச்சிலிருந்து 50 செ.மீ. தொலைவிலும் பிடி 150 செ.மீ. தொலைவிலும் இருந்தால் கைக்கு 20 கிலோ. பாரம் 25 செ.மீ. பின்னால் வந்துவிட்டால் 30 கிலோ. முன்பக்கமாக ஏற்றுங்கள்.

திருகு ஜாக்கி குறித்து உறுப்பினர்கள் அடிக்கடி கேட்டதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 25 செ.மீ. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் கை 157 செ.மீ. பயணிக்கிறது, 5 மி.மீ. புரி இடைவெளி உள்ள திருகு அரை செ.மீ. ஏறுகிறது. 314 மடங்கு! ஆனால் முக்கால் பங்கு உராய்வில் போய்விடுகிறது. 1000 கிலோவுக்கு 3 கிலோவுக்குப் பதில் ஏறத்தாழ 13 கிலோ கொடுக்க வேண்டும். இந்த இழப்பை வீண் என்று சொல்லமாட்டேன். கையை விட்டதும் பாரம் தானாக இறங்காமல் பிடித்து நிறுத்துவது அந்த உராய்வேதான். இங்கேயும் பாரம் தரைக்கே போகிறது. ஜாக்கியின் அடித்தட்டு 10 செ.மீ. சதுரமானால் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 10 கிலோ. 30 செ.மீ. சதுர இரும்புத் தகட்டை அடியில் போட்டால் அது ஒரு கிலோவுக்குச் சற்று மேலாகக் குறைகிறது. ஏற்றிய பிறகு தாங்குகட்டை வைக்காமல் அடியில் நுழையாதீர்கள்.

கயிற்றைச் சுற்றிப் பாரம் ஏற்றும் கைப்பிடி உருளையில் ஒரு குறை பலமுறை தெரிந்தது. 10 செ.மீ. ஆர உருளையும் 40 செ.மீ. கைப்பிடியும் நான்கு மடங்கு தரும். கயிறு ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றினால் ஆரம் பெருகி, பாரம் உச்சிக்கு வரும் நேரத்தில் கை கனக்கிறது. கயிற்றைப் பக்கவாட்டில் வரிசையாகச் சுற்றவிடுங்கள். உருளை பின்னோக்கிச் சுழலாமல் பிடிக்கும் பல்சக்கரத் தடுப்பு விழுகிறதா என்று தொடங்குமுன் பாருங்கள்.

ஆப்புகளின் தலை காளான்போல் விரிந்திருந்தால் அரத்தால் ராவிவிட்டுத்தான் திருப்பித் தர வேண்டும். அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைப் பறித்துவிடும்.

வரும் ஆண்டுக்கான முன்மொழிவுகள்: ஒவ்வொரு கருவியிலும் அதன் மடங்கையும், தாங்கும் இடத்துக்கு வரும் பாரத்தையும் வண்ணத்தில் எழுதுவது, கப்பி அச்சுகளுக்குக் கடனுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் கிரீஸ் வைப்பது, பழைய கயிறுகளைப் புரி பிரித்துச் சோதித்து, பழுதானவற்றை மறுபடி எவரும் எடுக்காதபடி துண்டு துண்டாக வெட்டிப் போடுவது. அடித்தகடுகளும் முட்டுப் பலகைகளும் கருவியோடு சேர்த்தே வழங்கப்பட வேண்டும் என்பது செயற்குழுவின் பரிந்துரை.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்