ஸ்டெல்லேரியத்தில் வானம் தெரியாதது பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அனைவருக்கும் வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது என்றதும், உங்களில் பலர் கம்ப்யூட்டரை நம் கடைக்குக் கொண்டுவந்து 11-க்கு மாற்றிக்கொண்டு போனீர்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க யாரும் தொலைநோக்கியின் உறையைக்கூடக் கழற்றவில்லை. மழை விட்டு, வியாழன் கோளைப் பார்க்கலாம் என்று, வானத்தைத் திரையில் காட்டும் மென்பொருளான ஸ்டெல்லேரியத்தைத் திறந்த பிறகுதான் போன் மேல் போன்.

போன வாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் லேப்டாப்பை மேசைமேல் வைத்துத் திறந்து காட்டினார். கீழே பட்டன் வரிசை, தேதி, நேரம், ஊர்ப்பெயர் எல்லாம் சரி. வானம் மட்டும் தார் பூசியது போல. "அமாவாசையிலதானே தம்பி நட்சத்திரம் நிறையத் தெரியணும்?" என்றார். வேறு சிலருக்கு, ஓபன்ஜிஎல் (படம் வரைய மென்பொருள் கிராபிக்ஸ் சிப்போடு பேசும் முறை) போதாது என்று ஒரு பெட்டி வந்து, அதோடு மூடிக்கொள்கிறது.

கோளாறு ஸ்டெல்லேரியத்தில் இல்லை. பழைய கிராபிக்ஸ் சிப்புக்குப் பொருந்தும் டிரைவர் (சிப்பை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) அமையாவிட்டால், விண்டோஸ் தன்னிடமுள்ள அடிப்படை டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அதற்கு ஓபன்ஜிஎல் 1.1 மட்டும்தான் தெரியும். ஸ்டெல்லேரியத்தின் பழைய பதிப்புகளுக்கே 2.1 வேண்டும். விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என்று மைக்ரோசாஃப்ட் தந்த பட்டியலில் இல்லாத மாடல்கள் சிலவற்றிலும் நாங்கள் 11-ஐ ஏற்றிக் கொடுத்தோம், அவற்றில் இது கொஞ்சம் கூடுதல்.

முதலில் சரியான டிரைவரைத் தேடிப் போடுகிறோம். கிடைக்காவிட்டால், ஸ்டெல்லேரியத்தில் பழைய கம்ப்யூட்டர்களுக்கென உள்ள க்யூடி5 பதிப்பை, அதிலுள்ள ஆங்கிள் முறையில் ஓட்டுகிறோம். அது ஓபன்ஜிஎல் வேலையை, படம் வரைய விண்டோஸுக்கே சொந்தமான டைரக்ட்3டி வழியாகச் செய்துகொள்ளும். அதுவும் நடக்காவிட்டால் மெசா முறை. அதில் பிராசசரே படம் வரையும். ஓடும், ஆனால் வானத்தைச் சுழற்றினால் நத்தைதான்.

இனி மனதைக் குடைவதைச் சொல்லிவிடுகிறேன். "இலவச மென்பொருளைக் காசுக்கு விற்றுவிட்டு, ஓடவில்லை என்றதும் கைவிரிக்கிறார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டது நான்கைந்து குழுக்களுக்குப் போய், கடைசியில் என் மைத்துனர் மூலம் எனக்கே வந்தது. ஃபேபியன் ஷெரோ 2000-இல் தொடங்கிய நாளிலிருந்து ஸ்டெல்லேரியம் இலவசம்தான். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், நாங்களே எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறோம். ரசீதை எடுத்துப் பாருங்கள். "நிறுவல், ஊர் அமைப்பு, தொலைநோக்கி இணைப்பு: 500 ரூபாய்" என்றுதான் இருக்கும். மென்பொருள் விலை என்று ஒரு வரி கிடையாது. மொட்டை மாடியில் கொசுக்கடியில் நின்று, தொலைநோக்கியும் திரையும் ஒரே நட்சத்திரத்தைக் காட்டும்வரை கேபிளோடு மல்லுக்கட்டியதற்கான கூலி அது. சிலரிடம் அதையும் வாங்கவில்லை. ரசீதிலேயே "இலவச மென்பொருள்" என்று பெரிதாக அச்சிட்டிருக்கலாம், அது எங்கள் தவறு. இனி அச்சிடுவோம்.

அந்தச் செய்திக்குக் கீழே எங்களுக்காகப் பதில் போட்டவர்களுக்கும், விஷயத்தைக் கேட்டுவிட்டு "சரி, பொறுமையா பாருங்க" என்று கம்ப்யூட்டரை விட்டுப் போனவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் இருப்பதால்தான் இந்தச் சின்னக் கடை ஓடுகிறது.

கடைக்குக் கொண்டுவந்தால் காசு வேண்டாம். வீட்டுக்கு வந்து பார்க்க மட்டும் ஜனவரியிலிருந்து 300 ரூபாய்.

2026 ஜனவரி 10 அன்று வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே, புனர்பூச நட்சத்திரங்களின் பக்கத்தில் இருக்கும். அதற்குள் எல்லோருக்கும் முடித்துத் தருகிறோம். வரும்போது சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.